பென்சிலால் எழுதிய பெயர்கள்

மார்கழி விடுமுறையில் ரிஸ்னா டீச்சர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் ஓய்வு பெற்றுப் போனபின் என் வகுப்பை ஏற்றவர் அவர். சுகம் விசாரிக்கத்தான் எடுக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். அவரோ குற்றச்சாட்டோடு தொடங்கினார்.

"சேர், உங்கட அலுமாரிய ஒழிச்சிக்கிட்டு ஈக்கேன். பழைய கொப்பிக் கட்டு ஒண்டு ஈக்கி. புள்ளைகள்ட பேருக்குப் பக்கத்துல பென்சிலால மொட்டை, ராசாத்தி, குண்டன்னு எழுதி வச்சீக்கீங்க. இதெல்லாம் நீங்க வச்ச பட்டப்பேரா?"

"நான் வைக்கல்ல டீச்சர். அவங்கவங்க வீட்டுல வச்சது."

"அத ஏன் நீங்க எழுதினீங்க? சிலத அழிச்சும் ஈக்கி. ஏன் அழிச்சீங்க?"

நான் அப்போது பஸ்ஸில் இருந்தேன். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லக்கூடிய கதை அல்ல அது. எழுதித் தருகிறேன் என்றேன். ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் வரும் ஆபத்து இதுதான். எங்களுக்கு நேரமும் இருக்கிறது, தாளும் இருக்கிறது.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில், சேர்ந்த நாள் முதல் விலகிய நாள் வரை, தரம் ஒன்றுக்கே படிப்பித்தவன் நான். ஜிந்துப்பிட்டியில் என்னோடு வளர்ந்த சிநேகிதர்களுக்கு இது பெரிய பகிடி. "ஆம்பிளை ஆளு, சின்னப் புள்ளைங்களுக்கு மூக்குத் துடைச்சு விடுறான்" என்பார்கள். துடைத்துத்தான் விட்டேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் பாட்டும் கைவேலையும் பிள்ளை உளவியலும் படித்தேன். நல்ல புள்ளிகள் வாங்கினேன். ஆனால் ஒரு வகுப்பறையை எப்படித் தயார் செய்வது என்பதை அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லித் தந்தவர் எங்கள் ஆரம்பப் பிரிவின் பகுதித் தலைவர் பரமேஸ்வரி டீச்சர்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். வெள்ளவத்தையில் இருந்து தினமும் பஸ்ஸில் வருவார். எந்த வெயிலிலும் மடிப்புக் கலையாத பருத்திச் சேலை. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். துடைக்கிற நேரம் எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு கோபம் என்று கணக்குப் போட்டுக்கொள்வோம்.

புது வருடத்துக்கு முந்தின வாரம், பாடசாலை பூட்டிக் கிடக்கும்போது, எங்களை வரச் சொல்வார். என் முதல் வருடத்தில் வகுப்புக்குள் அழைத்துப் போய், "இரும் தம்பி" என்றார். ஆசிரியர் கதிரையைப் பார்த்து நடந்தேன்.

"அது இல்லை. பிள்ளையள் இருக்கிற கதிரையில இரும்."

இருந்தேன். முழங்கால் நெஞ்சில் முட்டியது.

"கரும்பலகையில கீழ் வரி தெரியுதோ?"

"தெரியல்ல டீச்சர். மேசை மறைக்குது."

"அப்ப அந்த வரியில ஒண்டும் எழுதாதேயும். அடுத்த கதிரையில இரும்."

முப்பத்தெட்டுக் கதிரைகளிலும் இருக்க வைத்தார். ஒன்றில் ஆணி தலை நீட்டியிருந்தது. ஒன்று ஆடியது. யன்னலோரம் இருந்த மூன்றில் காலை வெயில் நேரே கண்ணில் அடித்தது. பிறகு வகுப்பு வாசலில் இருந்து தண்ணீர்ப் பைப் வரைக்கும், அங்கிருந்து கழிவறை வரைக்கும் என்னை நடக்கவிட்டு, ஐந்து வயதுக் காலுக்கு இது எத்தனை அடி என்று கேட்டார். அதன்பின்தான் பெயர் அட்டைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை, பெரிய எழுத்தில், மையால். முதல் நாள் பெயரைக் கூப்பிட்டு, வருகிற பிள்ளையின் சட்டையில் ஊசியால் குத்த வேண்டும். பாடசாலை விடும்போது கழற்றி அலுமாரியில் வைக்க வேண்டும். வீட்டுக்குப் போனால் மழையில் நனையும், தம்பி தங்கை கிழித்துவிடும் என்பது அவர் கண்ட அனுபவம்.

கடைசியாக ஒன்று சொன்னார். "கூப்பிட்டும் வராத பிள்ளையெண்டால், பேரைப் பிள்ளைதான் சொல்ல வேணும். நீர் சொல்லிக் குடுக்கக் கூடாது."

தலையாட்டினேன். இவ்வளவு செய்தவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வருடம். இன்னும் என் நியமனம் நிரந்தரமாகவில்லை. முதல் நாள் காலையில் வகுப்பறை சந்தைக்கடைதான். வாசலில் தாய்மார் அழுகிறார்கள், உள்ளே பிள்ளைகள் அழுகிறார்கள், ஒரு பிள்ளை பாணையும் சம்பலையும் என் சப்பாத்தின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு அட்டை குத்திக்கொண்டு போனேன். முடிவில் கையில் இரண்டு அட்டைகள் மிஞ்சின. ஒன்றில் நிர்மலா, மற்றதில் யோகராணி. வகுப்பில் அட்டை இல்லாமல் இருந்தது ஒரே ஒரு பிள்ளை. எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய இரட்டைப் பின்னல், அளவுக்குப் பெரிய வெள்ளைச் சட்டை. அழவில்லை. நான் போய்க் குனிந்தேன்.

"உங்க பேரு என்னம்மா?"

"சூட்டி."

சிங்களத்தில் செல்லமாகச் சின்னவள் என்று அர்த்தம். கொழும்பில் எங்கள் தெருக்களில் வீட்டுக்கொரு சூட்டி இருக்கும்.

"அது வீட்டுப் பேரு. ஸ்கூல் பேரு என்ன?"

என்னையே பார்த்தாள். பின்னால் இரண்டு பிள்ளைகள் தலைமயிரைப் பிடித்துக்கொண்டன. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நிர்மலாவா?"

தலையாட்டினாள். அட்டையைக் குத்தினேன். வரவு இடாப்பில் நிர்மலாவுக்கு வந்ததற்கான கோடு, யோகராணிக்கு வராததற்கான பூச்சியம். வேலை முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

யோகராணியா என்று கேட்டிருந்தாலும் அவள் தலையாட்டித்தான் இருப்பாள். அந்த நேரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

தரம் ஒன்றில் முதல் வாரங்கள் பாடத்துக்கானவை அல்ல. பிள்ளையை இனங்காண்பதற்கானவை. ஒவ்வொரு பிள்ளையையும் கவனித்துக் குறிப்பு எழுத வேண்டும். நானும் விழுந்து விழுந்து எழுதினேன். நிர்மலாவைப் பற்றி நான் எழுதியது இன்னும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது: "அமைதியானவள். நன்றாக வரைகிறாள். பெயர் சொல்லி அழைத்தால் தாமதமாகத் திரும்புகிறாள். காது பரிசோதிக்கப்பட வேண்டும்." இதற்காக வைத்தியசாலைக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்திருந்தேன். எங்கே போய் முட்டிக்கொள்வது!

வீட்டில் ஏன் தெரியவரவில்லை என்று கேட்பீர்கள். அவளுடைய தாய் வெள்ளவத்தையில் இரண்டு வீடுகளில் சமைப்பவர். காலையில் பிள்ளையைக் கேற்றில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார். தகப்பன் புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவர். அவர் போகும்போது விடிந்திருக்காது. அட்டை வீட்டுக்குப் போவதில்லை. கொப்பிகளும் அப்போது வகுப்பிலேயே இருக்கும். என் பிழை அலுமாரிக்குள் பத்திரமாகப் பூட்டப்பட்டிருந்தது.

முதல் வாரம் முழுக்க வராத பிள்ளைக்கு வீட்டு முகவரிக்குக் கடிதம் போகும். மூன்று வாரம் ஆகியும் பதில் இல்லையென்றால் பெயரை வெட்டி, காத்திருப்பவர்களில் முதல் பிள்ளையை எடுப்பார்கள். கொட்டாஞ்சேனையின் குறுகிய ஒழுங்கைகளில் ஒரே இலக்கத்துக்குப் பத்து வாசல்கள். யோகராணிக்குப் போன கடிதம் யார் கைக்குப் போனதோ, பதில் வரவில்லை. கொழும்பில் தரம் ஒன்றுக்கு ஓர் இடம் கிடைப்பது என்ன பாடு என்று பெற்றோருக்குத் தெரியும். அதிபரின் மேசையில் பெயர் வெட்டும் தாள் தயாராக இருந்தது. அந்த இடத்துக்குக் காத்திருந்த பிள்ளையின் தகப்பனை அன்று பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அன்று எட்டு மணிக்கு என் வகுப்பு வாசலில் ஒரு தாய் வந்து நின்றார். கையில் ஒரு பிள்ளை, முகமெல்லாம் காய்ந்த தழும்பு.

"மன்னிச்சிருங்க சேர். புள்ளைக்கு அம்மாள் வருத்தம். இப்பதான் தலைக்குத் தண்ணி ஊத்தினோம். சொல்லி அனுப்ப ஆள் இல்ல."

"பரவாயில்லம்மா. உங்க பேரு என்ன?" என்று பிள்ளையைக் கேட்டேன்.

"நிர்மலா!" என்று கத்தினாள்.

உள்ளே இரட்டைப் பின்னல் சட்டென்று திரும்பியது. அன்றைக்கு மட்டும் ஒரு தாமதமும் இல்லை.

 இடாப்பைத் திறந்து பார்த்தேன். யோகராணியின் வரிசையில் பதினான்கு பூச்சியங்கள். ஒரு நாளும் தவறாமல் வந்து, என் முன்னால் இருந்து, மயிலும் வீடும் வரைந்த பிள்ளைக்குப் பதினான்கு பூச்சியங்கள்.

ஒரு கெட்ட யோசனை வந்தது, மறைக்க மாட்டேன். இன்றைக்குத்தான் யோகராணி வந்தாள் என்று சொல்லிவிடலாம். இடாப்பு என் கையில். நிர்மலாவின் தாய்க்கு இடாப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நான் தப்பிவிடுவேன். ஆனால் மூன்று வாரம் வராமல், கடிதத்துக்கும் பதில் போடாமல், இடம் போகிற நாளில் வந்து நிற்கிற பிள்ளையாக அவள் ஆகிவிடுவாள். அவளை வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் அதிபரின் மனதைப் பொறுத்தது. உண்மையைச் சொன்னால் அவளுடைய இடத்தை யாரும் தொட முடியாது. ஆனால் இடாப்பில் பொய்யாகக் குறித்தவன் என்று என் நியமனத்துக்கே ஆபத்து. பக்கத்து வகுப்பு டீச்சரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இடாப்போடு விறாந்தையில் நடந்தேன். 

"டீச்சர், யோகராணி வந்திருக்கு."

பரமேஸ்வரி டீச்சர் நிமிர்ந்தார். "எப்ப வந்தது?"

"முதல் நாள்ல இருந்தே வருது டீச்சர்."

கண்ணாடியைக் கழற்றினார். "விளங்கச் சொல்லும்."

சொன்னேன். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் துடைத்து நான் பார்த்ததில்லை.

"பேரைப் பிள்ளை சொன்னதோ, நீர் சொன்னனீரோ?"

"நான்தான் சொன்னேன் டீச்சர்."

"ம்."

அந்த ஒரு "ம்" இன்றைக்கும் எனக்கு வலிக்கும்.

எழுந்து அதிபரின் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் அந்தத் தாள். கிழிக்கவில்லை, அவர் எதையும் கிழிப்பவர் அல்ல. குறுக்கே ஒரு கோடு, கீழே இரண்டு கையெழுத்து. யோகராணியின் இடம் தப்பியது. "நடந்ததை நீர் சம்பவப் புத்தகத்தில எழுதும். ஆறு வரிக்கு மேல வேண்டாம். அழுது எழுதுற இடமில்லை அது" என்றார். பிறகு யன்னலுக்கு வெளியே காட்டினார்.

வாங்குப் பலகையில் ஒரு மனிதர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து இருந்தார். கிராண்ட்பாஸ் பக்கத்தவர். பக்கத்தில் புதுச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை, கழுத்தில் சிவப்புத் தண்ணீர்ப் போத்தல்.

"அவருக்குச் சொல்ல வேண்டியது நீர்தான்."

போய்ச் சொன்னேன். என் பிழை என்றும் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அப்ப அந்தப் புள்ள இங்கதான் இருந்திச்சா?" என்றார். எழுந்து நின்றார். "சரி சேர். அந்தப் புள்ளையும் ஒரு புள்ளதானே." தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். கேற் வரைக்கும் அந்தப் பிள்ளை திரும்பித் திரும்பி வகுப்புகளைப் பார்த்துக்கொண்டே போனது. அவளுக்கு கிராண்ட்பாஸில் ஒரு பாடசாலையில் இடம் கிடைத்தது என்று ஒரு மாதம் கழித்து அறிந்தேன். பரமேஸ்வரி டீச்சர் தானே நடந்து போய் அங்குள்ள அதிபரோடு கதைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு இடாப்பு. சுரண்டக் கூடாது, அழிக்கக் கூடாது. பிழையான குறி மேல் சிவப்புக் கோடு, பக்கத்தில் சரியான குறி, அதன் பக்கத்தில் சிறு கையெழுத்து. இருபத்தெட்டுத் திருத்தம். அதைத் தனியே செய்வார் என்று நினைத்தேன். அவரோ இடாப்பை எடுத்துக்கொண்டு என் வகுப்புக்கே வந்து, சூட்டியை மேசைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பிள்ளை, உம்மட பேர் யோகராணி. தெரியுமோ?"

அவள் என்னைப் பார்த்தாள். "இல்ல. சேர் ஸ்கூல் பேரு தந்தாங்க. சட்டை தந்த மாதிரி."

சட்டை தந்த மாதிரி! பாடசாலை இலவசச் சீருடைத் துணி தருகிறது, புத்தகம் தருகிறது, பெயரும் தருகிறது என்று அவள் நினைத்திருக்கிறாள். அந்தப் பெயரை மூன்று வாரமும் மரியாதையாகச் சுமந்திருக்கிறாள்.

"யோகராணி எண்டது அம்மா அப்பா வைச்ச பேர். சேர் பிழையா எழுதிப்போட்டார். இந்த வட்டமெல்லாம் நீர் வரயில்லை எண்டு அர்த்தம்."

அவளுடைய உதடு நடுங்கியது. மூன்று வாரத்தில் ஒரு நாளும் அழாத பிள்ளை. "அப்ப நான் வரலயா சேர்?"

 பரமேஸ்வரி டீச்சர் சிவப்புப் பேனையைத் திறந்தார்.

"வந்தனீர். நான் எழுதுறன், பாரும். இது முதல் நாள். வந்தனீரோ?"

"வந்தேன்."

கோடு. "இது ரெண்டாம் நாள்."

"வந்தேன்."

பதினான்கு நாளும் அப்படித்தான். ஒவ்வொரு பூச்சியமாக வெட்டி, ஒவ்வொரு முறையும் அவளைக் கேட்டு, அவள் வந்தேன் என்று சொன்ன பிறகே கோடு போட்டார். கடைசி நாளுக்கு வரும்போது அவளுடைய குரல் வகுப்பு முழுக்கக் கேட்டது.

முடிந்ததும் சூட்டி தன் சட்டையில் இருந்த அட்டையைக் கழற்றச் சொன்னாள். கழற்றிக் கொடுத்தேன். நேரே போய் நிர்மலாவிடம் நீட்டினாள்.

"இந்தா ஓம் பேரு. அழுக்காக்கல."

அன்று மத்தியானம் எல்லாரும் போன பிறகு அந்தச் சின்னக் கதிரையில் இருந்து நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

என் நியமனம் நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப் போனது. ஆனாலும் ஆனது. பரமேஸ்வரி டீச்சர் என்னைப் பற்றி எழுதிய அறிக்கையைப் பல வருடம் கழித்துப் பார்க்கக் கிடைத்தது. "பிழை விட்டார். தானே வந்து சொன்னார்." அவ்வளவுதான். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு எந்த அலுவலகமும் தரவில்லை.

அன்று பின்னேரமே வகுப்புக் கொப்பியில் யோகராணியின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் சூட்டி என்று எழுதினேன். அடுத்த மார்கழியில் இருந்து பட்டியல் கைக்கு வந்ததும் வீடு வீடாகப் போகத் தொடங்கினேன். கொட்டாஞ்சேனை மாடிவீடுகள், ஜிந்துப்பிட்டிக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கைகள், எல்லா இடமும். ஒரே கேள்விதான்: "புள்ளைய வீட்டுல என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?" முதலில் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பிறகு சிரிப்பார்கள், பிளேன்டீ தருவார்கள், அந்தப் பெயர் வந்த கதையையும் சொல்லுவார்கள். ஒரு தகப்பன் மட்டும் யோசித்துப் பார்த்துவிட்டு, "டேய்னுதான் கூப்பிடுவோம் சேர்" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். முதல் நாள் காலையில் அழுகிற பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் போய், "ராசாத்தி, இப்படி வாங்க" என்றால், அழுகை நிற்கிறதோ இல்லையோ, திரும்பிப் பார்க்கும். பிறகுதான் அட்டையைக் காட்டி மற்றப் பெயரை அறிமுகம் செய்வேன்.

ரிஸ்னா டீச்சர், உங்களுடைய முதல் கேள்விக்கு இதுதான் பதில். பட்டியல் இப்போது கணினியில் வருகிறது, வாட்ஸ்அப் குழுவில் எல்லாத் தாய்மாரும் இருக்கிறார்கள். வீடு வீடாக அலைய வேண்டியதில்லை. ஆனாலும் கேளுங்கள். சில பெயரை ஏன் அழித்தேன் என்ற மற்றக் கேள்விக்கு, அந்தக் கட்டில் அடியில் இருக்கும் மிகப் பழைய கொப்பியை எடுங்கள். யோகராணியின் வரியைப் பாருங்கள். பக்கத்தில் ஒன்றும் இருக்காது. தாள் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கும். மற்றவையும் இப்படித்தான் அழிந்தன.

அந்த வருடத்தின் கடைசி நாள். கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கையில் ஒரு அழிரப்பரோடு வந்து நின்றாள்.

"சேர், அந்தக் கொப்பிய எடுங்க."

எடுத்து வைத்தேன். விரலை வைத்து மேலிருந்து கீழே போனாள். வாசிக்கப் பழகியிருந்தாள். யோ, க, ரா, ணி என்று எழுத்தெழுத்தாகச் சொல்லி, விரலை நிறுத்தினாள். பிறகு பென்சில் எழுத்தைக் காட்டினாள்.

"இத அழிக்கட்டுமா?"

"ஏன்மா? வீட்டுல அப்படித்தானே கூப்பிடுறாங்க?"

"வீட்டுல கூப்பிடட்டும். இங்க எனக்குப் பேரு இருக்கு சேர்."

தானே அழித்தாள். தூளை ஊதிவிட்டு, கொப்பியை மூடி என் கையில் தந்தாள்.